இரண்டாம் மேட்டில் பறந்த வண்டி

மேசைமேல் மர ரோலர் கோஸ்டரின் மாதிரி ஒன்றைக் கட்டத் தொடங்கி ஆறு வாரங்கள் ஆகிவிட்டன. முதல் மேடு 60 செ.மீ. உயரம், இரண்டாவது 35 செ.மீ., பிறகு ஒரு திருப்பம். தூண்களும் குறுக்குச் சட்டங்களும் சீக்கிரமே எழுந்தன. விரல் பட்டாலே ஆடிய கோபுரம், மூலைவிட்டமாகக் குச்சிகளை ஒட்டியதும் அசையாமல் நின்றது.

பாடாய்ப் படுத்தியது தண்டவாளம்தான். 6 மி.மீ. குச்சியை வெந்நீரில் ஊறவைத்து வளைத்தேன்; மூன்று முறையும் ஒடிந்தது. உண்மையான மர கோஸ்டரில் தண்டவாளம் ஒற்றைக் கட்டையாக இருப்பதில்லை. ஏழெட்டுப் பலகைகளை அடுக்கி, அவற்றின்மேல் எஃகுப் பட்டை பதிப்பார்கள். நானும் 1 மி.மீ. பட்டைகள் ஆறை எடுத்து, இணைப்புகள் ஒரே இடத்தில் விழாதபடி பசையிட்டு அச்சின்மேல் வளைத்தேன். மறுநாள் கிளிப்புகளைக் கழற்றினேன். வளைவு கொஞ்சமும் விரியவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் ஓட்டம். வண்டி சரிவில் பாய்ந்தது, இரண்டாம் மேட்டில் ஏறியது, உச்சியில் தண்டவாளத்தை விட்டு எழும்பித் தரையில் விழுந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். உராய்வை விட்டுவிட்டால், வண்டி இறங்கிய உயரத்தின் இருமடங்கு அந்த உச்சியின் வளைவு ஆரத்தைவிட அதிகமானால் அது எழும்பிவிடும். என் வண்டி 25 செ.மீ. இறங்கியிருக்கிறது, ஆரமோ 20 செ.மீ. உராய்வு பாதி ஆற்றலைத் தின்றிருந்தாலும் பறந்துதான் இருக்கும்.

பென்சில்வேனியாவின் அல்டூனாவில் 1902 முதல் இருக்கும் ‘லீப் த டிப்ஸ்’ என்ற மர கோஸ்டர் ஏன் அவ்வளவு சாதுவானது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. 41 அடி உயரமிருந்தும் அதன் பெரிய சரிவு 9 அடிதான். வேகம் மணிக்குச் சுமார் 10 மைல். வண்டியைக் கீழிருந்து பிடித்துக்கொள்ள அதில் சக்கரம் கிடையாது, எடைதான் அதைத் தடத்தில் வைத்திருக்கிறது. 1919 இல் ஜான் மில்லர் தண்டவாளத்துக்கு அடியில் ஓடும் சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1927 இல் நியூயார்க்கின் கோனி தீவில் 85 அடி உயர ‘சைக்ளோன்’ கோஸ்டர் திறக்கப்பட்டது. அதன் முதல் சரிவு ஏறத்தாழ 59 பாகை. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பது அந்தச் சிறிய சக்கரம் என்றே நான் நம்புகிறேன்.

மேட்டைத் தட்டையாக்கியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் இருக்கையிலிருந்து உடல் எழும்பும் அந்த ஒரு நொடிக்காகத்தானே கோஸ்டரே! அதனால் அடிச்சக்கரம் பொருத்தினேன். அது ஓடுவதற்குத் தண்டவாளத்தில் விளிம்பு வேண்டும். அசல் தடங்களில் மேல் அடுக்குகள் அகலமாக இருப்பது அதற்காகத்தான். இரண்டு அகலமான பட்டைகளை மேலே ஒட்டினேன். சக்கரத்துக்கும் விளிம்புக்கும் இடைவெளி குறைந்தால் வண்டி திருப்பத்தில் இறுகி நின்றுவிடுகிறது, கூடினால் குதிக்கிறது. தபால் அட்டையின் தடிமன் சரியாக அமைந்தது.

நேற்று தொடர்ந்து இருபது முறை ஓடியது, ஒரு முறையும் விழவில்லை. ஏற்றத்தில் மட்டும் இன்னும் கையால்தான் தள்ளுகிறேன். அடுத்து, வண்டி பின்னால் உருளாமல் தடுக்கும் ரம்பப் பல் பட்டையை வெட்ட வேண்டும். ஏற்றத்தில் கேட்கும் அந்த ‘டக் டக்’ ஓசை அதில் பிறப்பதுதான்.