யார் கணக்கில்?

மார்ச் மாதம் வந்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். 1983-ல் தர்மபுரி பக்கம் ஒரு துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியராகச் சேர்ந்தேன். பிரசவம், தடுப்பூசி எல்லாம் என் வேலைதான். ஆனால் மாதாந்திரக் கூட்டத்தில் "எத்தனை கேஸ்?" என்ற ஒரே கேள்விதான். கேஸ் என்றால் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்குச் சம்மதித்த பெண். ஆளுக்கு இத்தனை கேஸ் என்று டார்கெட் உண்டு, அந்தக் கணக்கை மார்ச்சுக்குள் முடிக்க வேண்டும்.

ஆணாகவும் இருக்கலாம், சட்டப்படி. எமர்ஜென்சியில், 1976-77 என்ற ஒரே ஆண்டில், நாடு முழுக்க 80 லட்சத்துக்கும் மேல் கருத்தடை ஆபரேஷன் நடந்தது. பெரும்பகுதி ஆண்களுக்கு. வடக்கே ஆட்களைப் பிடித்துக்கொண்டு போய்ச் செய்தார்கள். 1977 தேர்தலில் ஆட்சி கவிழ்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அப்புறம் ஆண்கள் பக்கம் போக யாருக்கும் தைரியம் வரவில்லை, பாரம் பெண்கள் தலையில் இறங்கியது. என் சர்வீசில் நான் கூட்டிப்போன ஆண்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் பாதி வழியில் ஜீப்பை விட்டு இறங்கி ஓடிவிட்டார்!

தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு என்று நீளமான நோட்டு ஒன்று உண்டு. கணவன் பெயர், மனைவி பெயர், உயிரோடு இருக்கும் பிள்ளைகள், கடைசிக் குழந்தையின் வயது. இரண்டு பிள்ளை ஆனவர்களின் பெயரைச் சிவப்பு மையில் சுழித்து வைப்பேன். அந்த நோட்டோடு தெருவில் நுழைந்தால் சில வீடுகளில் கதவு சாத்தும் சத்தம் கேட்கும்.

ஒரு மார்ச் கடைசியில் எனக்கு ஒரு கேஸ் குறைந்தது. நான்கு மாதமாக நான் நடையாய் நடந்து சம்மதிக்க வைத்த பெண்ணை, முகாம் அன்று காலையில் வருவாய்த்துறைக்காரர் ஒருவர் தன் கணக்கில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அவர்களுக்கும் டார்கெட் உண்டு. ஆஸ்பத்திரி வாசலிலேயே எங்களுக்குள் வாக்குவாதம். வெறும் வயிற்றோடு ஜீப்பில் உட்கார்ந்திருந்த அவள், கைக்குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டுக் கேட்டாள்: "நர்சம்மா, நான் யாரு கணக்குல வர்றேன்?"

அவர் கணக்கில்தான் போனாள். எனக்கு மெமோ வந்தது. அந்த மெமோவை நினைத்து அன்று அழுதேன். அவள் கேட்டது உறைக்கப் பல வருடம் ஆனது.

1996-ல் மத்திய அரசு டார்கெட்டை எடுத்துவிட்டது. ஆனால் கட்டுப்பாடு வேறு வழியில் இருந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி இரண்டு பிரசவத்துக்கு மட்டும்தான். மூன்றாவதாக உண்டாகி வந்தவளிடம் "உனக்குக் கிடையாதும்மா" என்று சொல்வதும் நான்தான். அவளுக்குத்தான் சத்துக் குறைச்சல் அதிகமாக இருக்கும்.

திட்டமே தப்பு என்று சொல்லமாட்டேன். "நீங்களா வந்து கேட்டா நல்லா இருக்கும்னு இருந்தேன்" என்று மாமியாருக்குத் தெரியாமல் கையைப் பிடித்தவர்களும் உண்டு. சம்மதம் என்று நாங்கள் எழுதியதில் எவ்வளவு அவர்களுடையது, எவ்வளவு மார்ச் மாதத்துடையது என்பதுதான் எனக்கு இன்னும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

இப்போது தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு பிள்ளைகூட இல்லை. மக்கள்தொகை குறைந்தால் எம்.பி. தொகுதியும் குறையும் என்று 2025-ல் முதலமைச்சரே புதுமணத் தம்பதிகளைச் சீக்கிரம் பிள்ளை பெறச் சொன்னார். அந்த வாரம் சந்தையில், அன்று ஜீப்பில் உட்கார்ந்து "யாரு கணக்குல" என்று கேட்டவளைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது.

"இப்ப பெத்துக்கச் சொல்றாங்களாமே நர்சம்மா, அதுக்கும் நோட்டு எடுத்துட்டு வருவீங்களா?"

நான் ரிடையர் ஆகி எட்டு வருஷம் ஆச்சு என்றேன்.