கேட்டதும் கேட்காததும்

சேலம் அஸ்தம்பட்டி கோர்ட்டுப் பக்கம் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து தமிழ் ஆவணங்களை இங்கிலீஷில் பெயர்த்து டைப் அடித்துக் கொடுப்பது என் பிழைப்பு. இருபது வருஷத்துக்கு மேலாகிறது. பத்திரம், பட்டா, வாரிசுச் சான்று எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வந்துவிடும். கை தயங்குகிற சரக்கு ஒன்றுதான்: மில்லிலிருந்து வருகிற உள்விசாரணைக் கட்டு. சார்ஜ் மெமோ என்கிற குற்றச்சாட்டுக் கடிதம், தொழிலாளியின் விளக்கம், சாட்சிகளின் வாக்குமூலம், விசாரணை அதிகாரியின் முடிவு என்று ஒரு கை உயரத்துக்கு இருக்கும். லேபர் கோர்ட்டில் தமிழிலேயே ஓடிவிடும். சென்னை ஹைகோர்ட்டுக்கு ரிட் போகும்போதுதான் மொத்தமும் என் மேஜைக்கு வரும்.

மேலே இருப்பவரை ஒருவன் எதிர்த்தான் என்பதைச் சொல்லத் தமிழில் நம் சூப்பர்வைசர்களுக்குப் பஞ்சமே இல்லை. எகத்தாளமாகப் பேசினார், முறைத்தார், எகிறினார், முரண்டு பிடித்தார், அடங்க மறுத்தார். ஒரு ரிப்போர்ட்டில் 'எகனைக்கு மொகனையாகப் பதில் சொன்னார்' என்றே இருந்தது. இதற்கு இங்கிலீஷ் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மதியம் போனது, இன்னும் திருப்தியில்லை. இங்கிலீஷ் பக்கம் பார்த்தால் வார்த்தைகள் ஒரே மாதிரி முகத்தோடு வரிசையாக நிற்கும்: டிஸ்ஒபீடியன்ஸ், இன்சபார்டினேஷன், டிஃபையன்ஸ், ரெசிஸ்டன்ஸ், ரிவோல்ட், ரிபெல்லியன், மியூட்டினி. அண்ணன் தம்பிகள்தான். ஆனால் ஒருவனைக் கூப்பிட வேண்டிய இடத்தில் இன்னொருவனைக் கூப்பிட்டால் குடி கெட்டுவிடும்.

தொழிலுக்கு வந்த புதிதில் 'கேன்டீனில் மூன்று பேர் கலகம் செய்தனர்' என்ற வரிக்கு மியூட்டினி என்று போட்டுவிட்டேன். சிப்பாய்க் கலகம் என்று பள்ளிக்கூடத்தில் படித்த நினைப்பு. சீனியர் வக்கீல் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "ஏப்பா, இவனுங்க மில்லுல வேலை பார்க்கிறானுங்களா, கப்பல்லயா?" மியூட்டினி என்றால் ராணுவத்தானும் கப்பல்காரனும் செய்வது. 1806 ஜூலை 10 வேலூர்க் கோட்டை, 1946 பிப்ரவரி பம்பாய்க் கடற்படை, இங்கெல்லாம்தான் அதற்கு வேலை. சாம்பாரில் உப்பில்லை என்று தட்டைத் தூக்கிப் போட்டவனுக்கு அந்தப் பெருமை கிடையாது. அமளி என்கிற பொருளில் ஒரு சின்ன வார்த்தையைப் போட்டுத் தப்பித்தேன்.

வேலூரையே அன்று வெள்ளைக்காரன் மியூட்டினி என்று எழுதினான். இன்று நாம் புரட்சி என்கிறோம். பெயர் வைப்பவன் எந்தப் பக்கம் நிற்கிறான் என்பதை வார்த்தையே காட்டிக்கொடுத்துவிடும். என் அறையிலிருந்து கூப்பிடு தூரத்தில் மத்தியச் சிறை. அதற்குள் 1950 பிப்ரவரி 11 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் இறந்தார்கள். கட்சிக்காரர்கள் வாயில் அவர்கள் 'சேலம் சிறைத் தியாகிகள்'. அடங்காத கைதிகள் என்று எந்தச் செங்கொடிக்காரரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் தமிழ் எனக்குக் கைகொடுக்கும். ஒத்துழையாமை வேறு, சட்டமறுப்பு வேறு. முன்னது, என் பங்கை நான் கொடுக்க மாட்டேன் என்று ஒதுங்குவது. 1920-இல் நாக்பூர் காங்கிரஸ் அதை உறுதிசெய்தபோது தலைமை வகித்தவர் நம் சேலத்து விஜயராகவாச்சாரியார். பின்னது, இந்தச் சட்டத்தை உன் கண்முன்னாலேயே மீறுகிறேன், பிடித்துக்கொள் என்பது. 1930-இல் வேதாரண்யத்தில் உப்பு அள்ளப்போன ராஜாஜியும் சேலம் கோர்ட்டில் வக்கீலாக இருந்தவர்தான். ஆகவே மேனேஜர் 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதினால் நான் ஒத்துழைக்காததோடு நிறுத்திக்கொள்வேன். அதற்கு மேல் ஒரு படி ஏறமாட்டேன்.

ஏறிய கதையும் உண்டு. ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து வழக்கு. மழைக்குப் பிறகு வழுக்குகிற சரிவில் ஏறிப் பழம் பறிக்க ஆட்கள் மாட்டேன் என்றார்கள். தோட்டத்து ரைட்டர் 'முரண்டு பிடிக்கிறார்கள்' என்று எழுதியிருந்தார். நான் அகராதியைப் புரட்டி ரீகால்சிட்ரன்ட் என்று போட்டேன். லத்தீனில் குதிகாலால் பின்பக்கம் உதைப்பது என்று அர்த்தம். நம் முரண்டும் மாட்டுக்குச் சொல்வதுதானே, இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும் என்று எனக்கு ஒரே பூரிப்பு. வக்கீல் அதை அடித்துவிட்டு 'மறுத்தார்கள்' என்பதற்கான இங்கிலீஷை எழுதினார். "மாடு முரண்டு பிடிச்சா தார்க்குச்சி எடுப்பாங்க. இவங்க ஆளுங்கப்பா" என்றார்.

இப்போது சொல்ல வந்த கட்டுக்கு வருகிறேன்.

நூல் மில், நூல் நூற்கிற ரிங் ஃபிரேம் பிரிவு, நைட் ஷிஃப்ட். ஒரு சைடர், அதாவது மிஷினின் பக்கங்களைப் பார்த்துக்கொள்ளும் தொழிலாளி, லீவு. மேஸ்திரி இன்னொரு சைடரிடம் அந்த மிஷினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். புகாரில் இரண்டே வரி: 'மூன்று முறை சொல்லியும் கேட்கவில்லை. பிறகு எதிர்த்துக் கேட்டார்.' அதிலிருந்து சார்ஜ் மெமோ, விசாரணை, வேலைநீக்கம்.

தொழிலாளி தரப்பு வக்கீலுக்காகத்தான் நான் பெயர்த்தேன். 1946-ஆம் வருஷ நிலையாணைச் சட்டத்தை ஒட்டி மத்திய விதிகளில் வந்த மாதிரி நிலையாணையில், அதாவது ஆலை ஒழுங்கு விதிகளின் மாதிரியில், இந்தக் குற்றத்துக்கு ஒரு வாசகம் இருந்தது. மேலதிகாரியின் சட்டபூர்வமான, நியாயமான உத்தரவுக்கு வேண்டுமென்றே இன்சபார்டினேஷன் அல்லது டிஸ்ஒபீடியன்ஸ் காட்டுவது. எத்தனையோ தடவை அடித்து அடித்து விரலுக்கே அது மனப்பாடம். அன்றைக்கும் விரல் தானாக ஓடிவிட்டது: வில்ஃபுல் டிஸ்ஒபீடியன்ஸ், அடுத்த வரிக்கு இன்சபார்டினேஷன்.

நகல் வாங்க அந்த ஆளே வந்தார். நாற்பது வயசிருக்கும். இங்கிலீஷ் தெரியாது. "நான் என்ன பண்ணினதா இதுல போட்டிருக்குதுங்க?" என்றார். தமிழில் திருப்பிச் சொன்னேன்: வேண்டுமென்றே கீழ்ப்படியவில்லை, மேலதிகாரியின் அதிகாரத்தை மதிக்கவில்லை.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கேக்கலைதானுங்க. காதுல பஞ்சு. அந்த ஹாலுல பக்கத்துல நின்னு கத்துனாலும் வாய் அசையறதுதான் தெரியும். வெளிய வந்து சொன்னப்போ, எனக்கு ஏற்கெனவே ரெண்டு பக்கம் ஓடுது, இதை எப்படிங்க பார்க்கறதுன்னு கேட்டேன்" என்றார்.

புகாரை எடுத்து மறுபடி பார்த்தேன். 'வேண்டுமென்றே' என்ற சொல்லே அதில் இல்லை. போட்டது மேஸ்திரி இல்லை, நான். எதிர்த்தரப்பு வக்கீல் கூலி கொடுத்து வாங்கியிருக்க வேண்டிய சொல்லை இவர் காசிலேயே டைப் அடித்து வைத்திருந்தேன்.

மேஸ்திரியின் இரண்டு வரியிலும் ஒரே வினைச்சொல்தான். காதில் விழுவதும் கேட்பது, சொன்னபடி நடப்பதும் கேட்பது, ஏன் என்று வினவுவதும் கேட்பது. இங்கிலீஷின் ஒபேகூட லத்தீனில் காதோடு பிறந்ததுதான், ஆனால் இன்று அதில் காது இல்லை. டிஸ்ஒபீடியன்ஸ் என்று எழுதிய மாத்திரத்தில் அவர் காதிலிருந்த பஞ்சு காணாமல் போய்விடுகிறது. இன்சபார்டினேஷன் இன்னும் மோசம். உத்தரவை மட்டுமல்ல, உத்தரவு போடுகிற நாற்காலியையே மதிக்கவில்லை என்று ஆகிவிடும்.

முதல் வரிக்கு 'டிட் நாட் கம்ப்ளை' என்று மாற்றினேன். சொன்னது நடக்கவில்லை, அவ்வளவுதான். ஏன் நடக்கவில்லை என்று அந்த வார்த்தை வாயைத் திறக்காது. இரண்டாவது வரிதான் படுத்தியது. 'எதிர்த்து' என்று மேஸ்திரி எழுதியிருக்கும்போது அதை விழுங்க எனக்கு உரிமையில்லை. ஆளைப் பிடித்துப்போய்விட்டது என்பதற்காக மொழிபெயர்ப்பில் சலுகை காட்டினால் நாளைக்கு என் கையெழுத்தை எவன் நம்புவான்? டிஃபையன்ஸ் என்றால் நெஞ்சை நிமிர்த்திச் சவால் விட்டதாகிறது. வெறுமனே 'ஆஸ்க்ட்' என்றால் எதிர்ப்பு கரைந்துபோகிறது. கடைசியில் 'கொஸ்சன்ட் தி ஆர்டர்' என்று போட்டேன். அதில் இரண்டும் பாதிப்பாதி இருக்கிறது.

கூடவே, 'கேள்' என்ற சொல்லுக்கு இன்னின்ன பொருள் என்று மொழிபெயர்ப்பாளர் குறிப்பு ஒன்றும் அடியில் சேர்த்தேன். வக்கீல் படித்துவிட்டுக் குறிப்பை மட்டும் அடித்தார். "நீ ஏன்பா ஆர்க்யூ பண்ற? அது என் வேலை." இன்னும் எனக்கு அதில் வருத்தம்தான்.

சாயங்காலம் புது நகலை வாங்க அவர் வந்தார். திரும்பவும் தமிழில் சொல்லச் சொன்னார். சொன்னேன். காகிதத்தை மடித்து மஞ்சப்பைக்குள் வைத்துக்கொண்டே, "கேட்டதா எழுதிட்டீங்கல்லங்க?" என்றார்.

எதைக் கேட்டதாக என்று நான் கேட்கவில்லை. எழுதிவிட்டேன் என்றேன்.