மூணு இடமும் ஒரே தேர்தலில் வந்திருந்தால்?

2021 மே மாதம் வேப்பனஹள்ளியில் ஜெயித்த கே.பி. முனுசாமி, எம்.எல்.ஏ. பதவியை வைத்துக்கொண்டு மாநிலங்களவை இடத்தை விட்டார். ஒரத்தநாட்டில் ஜெயித்த வைத்திலிங்கமும் அப்படியே. அதற்கு முன்பே மாநிலங்களவை உறுப்பினர் முகம்மது ஜான் மறைவால் ஓர் இடம் காலி. மூன்றும் அ.தி.மு.க. இடங்கள், மூன்றும் தி.மு.க.வுக்குப் போயின. இந்த இடங்களுக்கு ஓட்டுப் போடுவது எம்.எல்.ஏ.க்கள்தான்; அ.தி.மு.க.வுக்கு அப்போது 66 பேர் இருந்தும் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அதற்கான காரணம் மாநிலங்களவை இடங்களைப் பிரித்துப் பிரித்து நிரப்பும் முறையில் இருக்கிறது.

அந்த அவையைக் கலைக்க முடியாது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறுவார்கள். 1952இல் எல்லோரும் ஒன்றாக வந்ததால், யாருக்கு இரண்டு ஆண்டு, யாருக்கு நான்கு, யாருக்கு ஆறு என்று சீட்டுக் குலுக்கினார்கள். பிறகு எல்லோருக்கும் ஆறு ஆண்டு.

தமிழ்நாட்டின் 18 இடங்கள் ஆறு ஆறாக மூன்று சுற்று. ஆனால் இடைவெளி சீராக இல்லை: 2019 ஜூலை, 2020 ஏப்ரல், 2022 ஜூன், பிறகு 2025 ஜூலை. சட்டமன்றம் இல்லாத நேரத்தில் இடம் காலியானால் ஓட்டுப் போட ஆளில்லை. தேர்தல் தள்ளிப்போகும், ஆறு ஆண்டுக் கணக்கும் அந்தப் புதுத் தேதியிலிருந்தே ஓடும். ஜம்மு காஷ்மீரில் 2021 பிப்ரவரியில் காலியான நான்கு இடங்கள் 2025 அக்டோபரில்தான் நிரம்பின.

இனி ஓட்டுக் கணக்கு. ஒரு எம்.எல்.ஏ. ஓட்டின் மதிப்பு 100; 234 பேருக்கு 23,400. இதை, இடங்களின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டி வகுத்து, பின்னத்தை விட்டு, வருவதோடு ஒன்று சேர்க்க வேண்டும். அதுதான் ஜெயிக்கத் தேவையான மதிப்பு. ஆறு இடம் என்றால் 3,343, அதாவது 34 எம்.எல்.ஏ.க்கள். மூன்று இடம் என்றால் 5,851. 59 பேர் போதும். ஒரே இடம் என்றால் பாதிக்கு மேல், 118.

2021இல் காலியான மூன்றும் வெவ்வேறு சுற்றைச் சேர்ந்தவை. இடைத்தேர்தல் என்றால் ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனித் தேர்தல், ஒவ்வொன்றுக்கும் 118. மூன்றுக்கும் சேர்த்து ஒரே தேர்தல் நடந்திருந்தால் 66 பேரை வைத்தே ஓர் இடம் உறுதி. தனித்தனியாக நடத்துவது முறைதான், ஆனால் எதிர்க்கட்சிக்கு அது பெரிய அடி. இடைத்தேர்தலில் வருபவருக்கு முழு ஆறு ஆண்டும் கிடையாது: முனுசாமி விட்ட இடத்துக்கு வந்த கனிமொழி என்.வி.என். சோமுவுக்கு 2026 ஏப்ரல் 2 வரைதான்.

ஒரே தேர்தலின் அலை அவை முழுவதையும் அடித்துப்போகாமல் சுழற்சி காக்கிறது. அதை நான் மதிக்கிறேன். விலை கொடுப்பவை சின்னக் கட்சிகள். 18 இடமும் ஒன்றாக வந்தால் 13 எம்.எல்.ஏ. இருந்தாலே ஓர் இடம் உறுதி. ஆறாகப் பிரித்தால் 34 வேண்டும். தர்மபுரியில் 5, கிருஷ்ணகிரியில் 6 என நம் இரு மாவட்டத்து 11 எம்.எல்.ஏ.க்களும் கட்சி பாராமல் சேர்ந்தால் ஒருவரை முன்மொழியலாம், அதற்குப் பத்துப் பேர் கையெழுத்து போதும். ஜெயிக்க வைக்க இன்னும் 23 பேர் வேண்டும், இல்லையென்றால் மற்றவர்களின் இரண்டாம் விருப்ப ஓட்டு (வேட்பாளர்களை 1, 2 என வரிசைப்படுத்தும்போது இரண்டாவதாகக் குறிப்பது) கைகொடுக்க வேண்டும்.