ஜப்பான், கொரியா, வியட்நாம் யூனிட்டை நான் படிச்சு முடிச்ச விதம்

வேலைக்குப் போயிட்டே எம்.ஏ. ஹிஸ்டரி கரஸ்ல பண்ணேன். கிழக்காசியா பேப்பர்ல எங்க பேட்ச்ல நிறைய பேர் அப்படியே விட்டுட்டுப் போன யூனிட் இதுதான், பழைய ஜப்பான், கொரியா, வியட்நாம் மூணுலயும் சீனாவோட செல்வாக்கு, அப்புறம் போர்வீரர் ஆட்சி. ஆனா இந்த பேப்பர்லயே எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போனதும் இதுதான், அதனால எப்படிப் படிச்சேன்னு கொஞ்சம் விரிவாவே எழுதுறேன்.

மெட்டீரியல்ல மூணு நாடும் தனித்தனி பாடமா இருந்துச்சு, ஒவ்வொண்ணுலயும் அதே சமாச்சாரம், சீன எழுத்து வந்துச்சு, புத்த மதம் வந்துச்சு, கன்ஃபூசியஸ்ங்கிற சீன தத்துவ அறிஞரோட கருத்து வந்துச்சு, சட்டத் தொகுப்பு வந்துச்சு, தலைநகரை சீன மாதிரில கட்டுனாங்க. மூணையும் வரிசையா படிச்சா எது எந்த நாடுன்னே மனசுல நிக்காது. அதனால ஒரு பெரிய சார்ட் வாங்கி நாட்டுக்கு ஒண்ணா மூணு நெடுவரிசை போட்டு மேல ரெண்டே ரெண்டு கேள்வி எழுதுனேன். பதவி எப்படிக் கிடைக்குது? நிலம் யார் கையில இருக்கு? இதுக்கு பதில் சொல்லாத எதையும் சார்ட்ல ஏத்தல.

வியட்நாமை முதல்ல எடுத்தேன், ஏன்னா அங்கதான் சீனா நேரடியா ஆண்டுச்சு. கி.மு. 111ல ஹான் பேரரசு பிடிச்சது, கி.பி. 938 வரைக்கும் நடுவுல சில இடைவெளி தவிர சீனாவோட பிடிதான். 40ல ட்ருங் அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் கிளம்பி சீன அதிகாரிகளை விரட்டுனாங்க, 43ல மா யுவான்ங்கிற தளபதி வந்து அடக்கிட்டாரு. 938ல ங்கோ குயென்ங்கிற வியட்நாம் தளபதி பாக் டாங் ஆத்துல இரும்பு முனை வச்ச மரக் கம்பங்களை அடியில நட்டு வச்சு, தண்ணி ஏறியிருக்கறப்ப எதிரி கப்பலை உள்ள இழுத்து, தண்ணி வடியறப்ப மாட்ட வச்சாரு. இங்கதான் நான் நின்னு யோசிச்சேன், இவ்வளவு போராடி விரட்டுனவங்க அடுத்து என்ன செஞ்சாங்க தெரியுமா, 1070ல தாங் லாங்ல (இன்னைக்கு ஹனோய்) கன்ஃபூசியஸுக்கு இலக்கியக் கோயில் கட்டுனாங்க, 1075ல சீன மாதிரியே அரசுத் தேர்வு நடத்துனாங்க. சீனா மேல பாசம்னு இதை எழுதிடக் கூடாது. ஊருக்கு ஊர் ஆயுதம் வச்சிருந்த பெரிய தலைக்கட்டுகளுக்கு மேல ஒரு ராஜா உக்காரணும்னா, ராஜாவால மட்டுமே பதவிக்கு வந்த ஆளுங்க அவருக்கு வேணும், அதைக் குடுக்குற கருவி தேர்வுதான். இன்னொண்ணு, இது எல்லாம் வடக்கு வியட்நாம் கதை மட்டும். இன்னைக்கு நடு வியட்நாமா இருக்குற இடம் அப்ப சம்பா நாடு, மை சோன்ல சிவனுக்கு கோயில் கட்டுனவங்க, அதை ஒரு வரி கண்டிப்பா எழுதுங்க.

கொரியாவுல தேர்வு இன்னும் முன்னாடி, 958லயே அப்ப கொரியாவை ஆண்ட கோர்யோ வம்சத்து அரசர் குவாங்ஜோங் கொண்டு வந்துட்டாரு, காரணம் அதேதான், பெரிய குடும்பங்களோட பலத்தைக் குறைக்கணும். ஆனா போகப் போக அந்தக் குடும்பங்களே தேர்வையும் பிடிச்சுக்கிட்டாங்க, படிச்ச அதிகாரிங்க ராணுவ அதிகாரிங்களை மனுஷனாவே மதிக்கல. ஒரு பெரிய அதிகாரியோட பையன் சோங் சுங் பூங்கிற தளபதியோட தாடியை மெழுகுவத்தியால கொளுத்துனான்னு கோர்யோ வரலாற்று நூல்லயே இருக்கு. அந்த தளபதிதான் 1170ல ராஜாவை இறக்கி, அதிகாரிங்களை கூட்டம் கூட்டமா வெட்டுன ஆளு. 1196ல சோய் சுங் ஹொன்ங்கிற இன்னொரு தளபதி வந்தாரு, அவரு குடும்பம் நாலு தலைமுறை, 1258 வரைக்கும், ராஜாவை பேருக்கு உக்கார வச்சுட்டு நாட்டை ஓட்டுச்சு.

ஜப்பான் நெடுவரிசையை நிரப்புறப்ப வித்தியாசம் பளிச்சுனு தெரிஞ்சுது. 701ல சீன பாணி சட்டம், 710ல நாரா தலைநகர், 794ல ஹெயான், இன்னைக்கு கியோட்டோ, ரெண்டு தலைநகரும் சீனத் தலைநகர் சாங்கான் மாதிரியே கட்டம் கட்டமா. ஆனா பதவி மட்டும் பிறப்பால. அரசு பள்ளிக்கூடம் இருந்துச்சு, பெரிய பதவிக்கு போக ஃபுஜிவாரா மாதிரி குடும்பத்துல பிறக்கணும். நிலம்? புதுசா திருத்துன நிலத்தை நிரந்தரமா வச்சுக்கலாம்னு 743ல சட்டம், அதுலேர்ந்து ஷோயென்னு சொல்ற வரி கட்டாத பெரிய பண்ணைகள் பெருகுச்சு. 792ல பெரும்பாலான மாகாணங்கள்ல கட்டாய ராணுவ சேவையும் போச்சு. அப்ப மாகாணத்துல காவல் யாரு? குதிரையும் வில்லும் வச்சிருந்த உள்ளூர் ஆளுங்க, அவங்கதான் பின்னாடி சாமுராய். 1185ல மினமோட்டோங்கிற வீரர் குடும்பம் இன்னொரு வீரர் குடும்பமான தைராவை தோற்கடிச்சுது, மினமோட்டோ தலைவர் யோரிடோமோ பண்ணைகளுக்கு தன்னோட ஆளுங்களையே மேற்பார்வைக்கு போட்டாரு, 1192ல அவருக்கு ஷோகுன் பட்டம், அதாவது ராணுவத் தலைவர்.

எக்ஸாம்ல வந்த பெரிய கேள்வியும் கிட்டத்தட்ட இதுதான், கொரியாவுலயும் ஜப்பான்லயும் ராணுவ ஆட்சி எப்படி வேறுபட்டுச்சுன்னு. எனக்கு சார்ட்ல பதில் ரெடியா இருந்துச்சு. சோய் குடும்பம் ஆட்சியைப் பிடிச்சும் தேர்வை நிறுத்தல, நாட்டை நடத்த படிச்ச அதிகாரிங்கதான் அவங்களுக்கும் வேணும், அதனால ராணுவ ஆட்சி முடிஞ்சதும் பழைய அமைப்பு அப்படியே எழுந்து நின்னுச்சு. காமகுரால, அதாவது யோரிடோமோ ஆட்சி நடத்துன ஊர்ல, வீரனோட சோறே நிலத்துல இருந்துச்சு, அவன் தலைவனை மாத்தலாம், அமைப்பை யாரும் மாத்த முடியாது.

இதை நிரூபிக்க மங்கோலியர் படையெடுப்பை எடுத்துக்கிட்டேன், ஏன்னா மூணு நாட்டு மேலயும் அவங்க வந்தாங்க. கொரியாவுல 1231ல வந்தாங்க, சோய் அரசு அடுத்த வருஷமே கங்ஹ்வா தீவுக்கு ராஜாவோட ஓடிடுச்சு, நாட்டு ஜனங்கதான் மெயின்லேண்ட்ல செத்தாங்க, அந்த காலத்துலதான் புத்த நூல்களை 80,000க்கும் மேல மரப்பலகைல செதுக்குனாங்க, அது இன்னைக்கும் ஹேயின்சா மடத்துல இருக்கு. கடைசில ராஜா மங்கோலியரோட சேர்ந்து 1270ல தலைநகருக்கு திரும்ப, சோய் குடும்பம் போன பிறகும் வேற தளபதிங்க கையில நீடிச்ச ராணுவ ஆட்சி முடிஞ்சுது. அதே கோர்யோவைத்தான் கப்பல் கட்டச் சொல்லி 1274லயும் 1281லயும் மங்கோலியர் ஜப்பான் மேல போனாங்க. ஜப்பான் தப்பிச்சுது, ஆனா ஜெயிச்ச வீரர்களுக்கு பிரிச்சுக் குடுக்க புது நிலம் ஒண்ணும் கிடைக்கல, அந்தக் கோபம் வளந்து 1333ல காமகுரா ஷோகுன் ஆட்சி விழுந்துச்சு, கொஞ்ச வருஷத்துல அடுத்த ஷோகுன் குடும்பம் அஷிகாகா வந்துடுச்சு. வியட்நாம்ல 1288ல ட்ரான் ஹுங் டாவ் அதே பாக் டாங் ஆத்துல அதே கம்ப தந்திரத்தால மங்கோலிய கப்பல் படையை முடிச்சாரு, அவரு ராஜ குடும்பத்து ஆளு, ஜெயிச்ச பிறகும் ஆட்சி அரண்மனை கையிலயே இருந்துச்சு.

படிக்கப் போறவங்க சார்ட்ல கீழ கொஞ்சம் இடம் விட்டு வைங்க. 1392ல கொரியாவுல ஜோசன் வம்சம், 1407ல மிங் சீனா வியட்நாமை திரும்பப் பிடிக்கிறது, 1427ல லே லோய்ங்கிற வியட்நாம் தலைவர் அவங்களை விரட்டுறது எல்லாம் அடுத்த யூனிட்ல வருது, அதே ரெண்டு கேள்வியை வச்சே அதையும் நிரப்பிடலாம், நான் அப்படித்தான் முடிச்சேன்.