மருந்து பழகிப்போகவில்லை

அம்மா பாம்பன் சின்னப்பாலத்தில் பாசி எடுப்பவள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்து முங்கி, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பறிப்பதுதான் அவள் பிழைப்பு. 2022 கடைசியில் ஒருநாள் கரையேறியதும், "தம் நிக்க மாட்டேங்குதுடி" என்றாள். இருமல் அதற்கு முன்பே இருந்தது. உப்புக்காத்து என்று விட்டுவிட்டோம்.

முதலில் காட்டிய இடத்தில் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு டிபி என்றார்கள். சளியில் கிருமி இல்லை. இருந்தும் மூன்று மாதம் மாத்திரை. நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. பிறகுதான் மதுரை. பாம்பன் பாலத்தில் ரயில் ஓடாத காலம் அது. பஸ்ஸில் ராம்நாடு, அங்கிருந்து ரயில். ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்த்ததில் நுரையீரல் புற்றுநோய், இடுப்பெலும்பு வரை போயிருந்தது. பீடியையோ புகையிலையையோ தொடாதவள்.

புகைக்காதவர்களுக்கு வரும் நுரையீரல் புற்றில் ஈஜிஎஃப்ஆர் மரபணு மாறியிருப்பது அதிகம், அதற்கென்றே மாத்திரை உண்டு என்றார் டாக்டர். அம்மாவுக்கு அது இருந்தது. ஜெஃபிடினிப், தினம் ஒன்று. முகமெல்லாம் பரு, அவ்வப்போது வயிற்றுப்போக்கு. ஆனால் இரண்டே மாதத்தில் இருமல் அடங்கி, வாசலில் உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தாள்.

2024 ஏப்ரலில், மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிய வாரம், தலைவலியும் வாந்தியும் வந்தன. ஸ்கேனில் நுரையீரல் கட்டி மறுபடி வளர்ந்திருந்தது. மூளையில் இரண்டு புள்ளி.

"அன்னைக்கு ஊசி குத்துனாங்கள்ல, அதுலதான் பரவிருச்சு" என்றார் சித்தி. "மருந்து உடம்புக்குப் பழகிருச்சு" என்றார் மாமா. மறுபடி பரிசோதனை வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, இதையெல்லாம் கேட்டுக்கேட்டு நானே மூன்று வாரம் இழுத்தடித்தேன். படித்தவள் என்ற பெயர் வேறு எனக்கு.

டாக்டர் உட்காரவைத்து விளக்கினார். பழகியது உடம்பு இல்லை. கட்டியில் கோடிக்கணக்கான செல்கள், எல்லாம் ஒரே மாதிரி கிடையாது. சிலவற்றில் மாத்திரை போய் ஒட்டும் இடமே மாறியிருக்கும். மற்றவை செத்து விழுந்ததும் இவை பெருகும். ஜெஃபிடினிப் வகை மாத்திரை கேட்காமல் போனவர்களில் சுமார் பாதிப்பேருக்கு டி790எம் என்ற மாற்றம்தான் காரணம். பரவியதும் ஊசியால் இல்லை. கட்டியிலிருந்து செல்கள் தாமாகவே கழன்று ரத்தத்தில் போகும். பெரும்பாலானவை வழியிலேயே செத்துவிடும், தப்பித்த ஒன்றிரண்டு எலும்பிலோ மூளையிலோ குடியேறும். மூளைக்குள் இந்த மாத்திரை போதுமான அளவு போய்ச் சேராது, அதனால் அங்கே அவற்றுக்கு வசதி.

அதுவரை பேசாமல் இருந்த அம்மா, "வேரை விட்டுட்டுப் பறிச்ச பாசி மாதிரியா?" என்று கேட்டாள். டாக்டர் என்னைப் பார்த்தார். மறுபடி முளைக்கட்டும் என்று வேரை விட்டுத்தான் பறிப்பார்கள், மாதத்தில் 12 நாள்தான் கடலில் இறங்குவார்கள் என்று சொன்னேன். "அதேதான்மா. ஆனா இங்க முளைச்சு வர்றது வேற பாசி."

அந்த மாற்றத்தை ரத்தத்திலேயே பார்க்கலாம். கட்டியின் டிஎன்ஏ துணுக்குகள் அதில் மிதக்குமாம். ரத்தத்தில் தெரியாவிட்டால்தான் மறுபடி சதை எடுக்க வேண்டும். இரண்டு குழாய் ரத்தம். இதற்கா மூன்று வாரம் பயந்தேன்! டி790எம் இருந்தது. அதற்கென்று இருக்கும் மாத்திரை, ஒசிமெர்டினிப், எழுதினார். அது மூளைக்குள்ளும் நன்றாகப் போகும். விலையைக் கேட்டதும் எனக்குத்தான் தம் நின்றது. அந்த ஜூலை பட்ஜெட்டில் அதற்குச் சுங்க வரியை எடுத்தார்கள். என் வளையல் அதற்கு முன்பே அடகுக்குப் போய்விட்டது.

இப்போது மூளையில் இருந்த புள்ளிகள் சுருங்கியிருக்கின்றன. இந்த மாத்திரையையும் மீறும் செல்கள் வரலாம் என்று டாக்டர் மறைக்காமல் சொல்லிவிட்டார். மூன்று மாதத்துக்கு ஒரு ஸ்கேன்.

அம்மா கடலில் இறங்குவதில்லை. மற்றவர்கள் கொண்டுவரும் பாசியில் கல்லும் சிப்பியும் பொறுக்கிக் காயப்போடுகிறாள். போன ஸ்கேனுக்குக் கிளம்பும்போது ரிப்போர்ட் பையை என் கையில் திணித்துவிட்டுச் சொன்னாள்: "ரத்தமோ சதையோ, கேட்டா அன்னைக்கே குடுத்துருவோம். நீ மறுபடி ஊர்ல யோசனை கேட்டுக்கிட்டு உக்காந்துறாத."