அரம் தேவைப்படாத பாகங்கள்

ஒன்ராறியோவில் யப்பானிய நிறுவனம் ஒன்றின் கார்த் தொழிற்சாலையில் என் உழைப்புக் காலத்தின் பெரும்பகுதி போனது. எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் சங்க ஒன்றுகூடல்களில் இதைச் சொன்னால் பழைய நண்பர்கள் பெரும்பாலும் ஒன்றுதான் கேட்பார்கள்: "இப்ப எல்லாம் ரோபோதானே செய்யுது, உங்களுக்கு அங்க என்ன வேலை?"

அது பாதிதான் சரி. உருக்குத் தகட்டை வெட்டி, பெரிய அச்சுகளுக்கு நடுவில் அழுத்திக் கதவாகவும் கூரையாகவும் ஆக்குவது இயந்திரம். அவற்றை வெல்டிங் செய்து வண்டியின் கூட்டை எழுப்புவது ரோபோ. பெயின்ற் அடிக்கும் பகுதியிலும் ஆட்கள் குறைவு. ஆனால் வண்டிகள் நகர்ந்து வர ஆட்கள் நின்று பூட்டும் கடைசிப் பொருத்து லைனுக்கு வந்தால் கதை வேறு. வயர்க்கட்டு, தரைவிரிப்பு, ரப்பர் பட்டி என்று வளைந்து நெளியும் சாமான்களை இன்றைக்கும் மனிதக் கைதான் பூட்டுகிறது. ஆணி, திருகு வரை எண்ணினால் ஒரு காரில் ஏறத்தாழ 30,000 பாகங்கள். ஒருவர் முன்னால் ஒரு வண்டி இருப்பதோ சுமார் ஒரு நிமிடம்.

பெயின்ற் காய்ந்து வரும் கூட்டில் முதலில் செய்யும் வேலைகளில் ஒன்று கதவுகளைக் கழற்றுவது. பார்க்க வருபவர்களுக்கு இது புதினமாக இருக்கும். கதவு இருந்தால் டாஷ்போர்ட்டையும் இருக்கைகளையும் உள்ளே கொண்டுபோவது கஷ்டம், கதவிலும் கீறல் விழும். அதனால் கதவுகள் தனி வழியில் போய், கண்ணாடியும் பூட்டும் பொருத்தப்பட்டு, கடைசியில் அதே வண்டியிடம் திரும்பி வரும். வந்து மாட்டும்போது சுற்றிவர இடைவெளி ஒரே அளவாக இருக்கவேண்டும். அரை மில்லிமீற்றர் பிசகினாலும் பழகிய கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

அந்த இடைவெளியைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் உலோகவேலை ஆசிரியரை நினைப்பேன். ஒன்பதாம் வகுப்பில் அவர் தந்த பயிற்சி பலருக்கு நினைவிருக்கும். இரும்புத் தகட்டில் ஒரு சதுர ஓட்டை, அதற்குள் இறுகிப் போக ஒரு சதுரக் கட்டை. வைஸில் பூட்டி, அரத்தால் ராவி, மூலைமட்டம் வைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து எங்கே ஒளிக்கீற்று தெரிகிறது என்று பார்ப்போம். பல கிழமை பாடுபட்டு முடித்துக் கொண்டுபோனால், சேர் எல்லாக் கட்டைகளையும் மேசையில் கொட்டிக் கலந்துவிடுவார். "உன்ர கட்டை உன்ர ஓட்டைக்குள்ள போறது பெரிய வேலையில்லை. அளவு சரியெண்டால் ஆரின்ர ஓட்டைக்குள்ளயும் போகவேணும்." போகவில்லை. வகுப்பில் ஒருவருடையதும் போகவில்லை.

1908இல் இங்கிலாந்தின் புரூக்லாண்ட்ஸ் ஓட்டத்திடலில் ஏறக்குறைய இதே சோதனையை கெடிலாக் என்ற அமெரிக்க நிறுவனத்தின் மூன்று கார்களுக்குச் செய்தார்கள் என்று பிற்காலத்தில் வாசித்தபோது சேருக்கு எழுதவேண்டும் போலிருந்தது. மூன்றையும் முழுதாகக் கழற்றி, பாகங்களை ஒன்றாகக் கலந்து, ஸ்பானரும் திருப்புளியும் மட்டும் கொண்டு திரும்பப் பூட்டி, 500 மைல் ஓட்டினார்கள். மூன்றும் ஓடின. கெடிலாக்கை நடத்திய ஹென்றி லீலண்ட் துப்பாக்கித் தொழிற்சாலையிலும் அளவுக் கருவிகள் செய்யும் இடத்திலும் தொழில் பழகியவர். அந்தக் காலத்துப் பட்டறைகளில் பாகத்தை ராவி ராவித்தான் பொருத்துவார்கள். அதனால் ஒரு வண்டியின் சாமான் மற்றதற்குச் சேராது.

ஹென்றி ஃபோர்டின் ஓடும் லைனைத்தான் எல்லோரும் புகழ்கிறார்கள். 1913இல் அவருடைய ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் அது வந்தபின், ஒரு மொடல் ரி காரின் அடிச்சட்டத்தைப் பொருத்த எடுத்த சுமார் 12½ மணித்தியாலம் 93 நிமிடமாகக் குறைந்தது. என்னைக் கேட்டால், அதற்கு முதற் காரணம் அரம் தேவைப்படாத பாகங்கள்தான். ராவிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தால் எந்த லைன் ஓடும்?

எங்கள் ஊரில் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் என்ற பழைய ஆங்கிலக் கார்களை ஓடவைத்தவர்கள் வேறு வகைக் கெட்டிக்காரர்கள். சாமான் வராத காலத்தில் கடைசல் பட்டறையில் தாங்களே கடைந்து போட்டார்கள், மண்ணெண்ணெயிலும் ஓடவைத்தார்கள். அந்தக் கைகளுக்கு ஈடு நான் இங்கே காணவில்லை. ஆனால் அப்படிக் கடைந்தது அந்த ஒரு காருக்குத்தான் சேரும்.

வடிவமைப்பிலும் இதே அளவுப் பிரச்சினைதான். முதலில் படம் வரைந்து, சூடாக்கி இளக்கிய களிமண்ணில் முழு அளவு மாதிரி செய்து, சுரண்டிச் சுரண்டி வடிவம் எடுப்பார்கள். கணினி வந்தபிறகும் அந்த மாதிரி போகவில்லை. அப்புறம் அச்சுச் செய்பவர்கள் வந்து, இந்த மடிப்பு இவ்வளவு கூர்மையாக இருந்தால் தகடு கிழியும் என்பார்கள். அழுத்திய உருக்கு அச்சை விட்டதும் கொஞ்சம் பின்னுக்கு நிமிரும், அந்த நிமிர்வையும் முன்கூட்டியே கணக்கிட்டு அச்சை வெட்டவேண்டும். அழகான கதவு என்று நாம் பார்ப்பது இந்த இழுபறிகளின் முடிவு.

லைனில் எனக்கு மிகவும் பிடித்தது, பிழை கண்டால் இழுப்பதற்காகத் தலைக்கு மேலே ஓடும் கயிறு. யப்பானில் நெசவுத்தறிகள் செய்த சக்கிச்சி டொயோடா 1924இல் முடித்த தறி, நூல் அறுந்தால் தானாக நின்றுவிடும். அந்த எண்ணம்தான் அவர் மகன் தொடங்கிய கார் நிறுவனத்தில் இந்தக் கயிறானது. ஒரு போல்ட் சரியாகப் பிடிக்கவில்லை என்றால், நேற்று வேலைக்கு வந்தவரும் இழுக்கலாம். விளக்கு எரியும், குழுத்தலைவர் ஓடிவருவார். வண்டி அடுத்த கோட்டைத் தாண்டுமுன் சரிசெய்ய முடியாவிட்டால் லைன் நிற்கும். பிழையை மறைத்து அடுத்தவரிடம் தள்ளாமல் இருக்க அந்தக் கயிறு எங்களுக்குத் தைரியம் தந்தது.

கல்லூரிப் பட்டறையில் வைஸ்கள் இன்னும் இருக்கின்றன, அரங்கள் மழுங்கிவிட்டன, அளக்கும் கருவிகள் போதாது என்று அங்கிருந்து எழுதியிருக்கிறார்கள். கணினிகளுக்கு நாம் தாராளமாகக் கொடுத்திருக்கிறோம். இவ்வருடம் வேணியர் இடுக்கிமானிகளுக்கும் நல்ல அரங்களுக்கும் ஒரு தொகை ஒதுக்கும்படி பொதுக்கூட்டத்தில் பிரேரிக்கப் போகிறேன். முதற் பங்கு என்னுடையது. ஆமோதிக்க விரும்புவோர் கூட்டத்துக்கு முன்பே செயலாளரிடம் சொல்லிவிடுங்கள்.