டிஸெக்‌ஷன் ஹால் நாட்குறிப்பு: குடல்

பிப்ரவரி 10, திங்கள்

உடற்கூறு வகுப்பில் இன்று இறந்த ஒருவரின் வயிற்றுக்குள் கை வைத்தோம். மேலே போர்த்தியிருந்த கொழுப்புத் திரையைத் தூக்கியதும் சிறுகுடல் சுருள் சுருளாகக் கிடந்தது. இத்தனை நீளம் ஒன்றோடொன்று முடிச்சு விழாமல் எப்படி இருக்கிறது என்பது எனக்குப் பள்ளி நாளிலிருந்தே உள்ள கேள்வி. பதில் விரலில் தட்டுப்பட்டது: மெசென்ட்ரி. குடலை வயிற்றின் பின்சுவரோடு பிடித்துவைத்திருக்கும் மடிப்பு. சுவரில் அதன் வேர் சுமார் 15 செ.மீ.தான். குடலைத் தொடும் விளிம்போ கொசுவம் கொசுவமாக மீட்டர் கணக்கில் விரிகிறது. ரத்தக்குழாய், நரம்பு எல்லாம் இதற்குள்ளேதான் ஓடுகின்றன. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் சிறுகுடலின் நடுப்பகுதியான ஜெஜூனம் பக்கம் குழாய்களுக்கு நடுவே ஜன்னல் போலத் தெளிவு. கடைசிப் பகுதியான இலியம் பக்கம் கொழுப்பு மண்டி மங்கல். இனி இரண்டையும் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

நூல் வைத்து அளந்தோம். சிறுகுடலின் முதல் பகுதியான டியோடினம் 25 செ.மீ. பன்னிரண்டு விரற்கடை என்பதால் வந்த பெயராம். சிறுகுடல் மொத்தம் 6 மீட்டருக்குச் சற்று மேல், பெருங்குடல் ஒன்றரை மீட்டர்.

நோட்டைப் பார்த்த மேடம், "இது இறந்தவரோட அளவும்மா. உயிரோட இருக்கறப்போ தசை முறுக்கா இருக்கும், இவ்வளவு நீளம் வராது" என்றார்.

மேஜையில் கிடப்பவர் தன் உடலையே எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனவர். அளந்து முடித்ததும் குடலை இருந்தபடியே மெதுவாக உள்ளே வைத்தோம்.

பிப்ரவரி 13, வியாழன்

மைக்ரோஸ்கோப்பில் குடலுறிஞ்சிகள். குடலின் உள்சுவரில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத விரல்கள், நெருக்கியடித்து நிற்கின்றன. குடலை விரித்தால் டென்னிஸ் மைதானம் அளவு வரும் என்று படித்திருந்தேன். 2014-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் திரும்பக் கணக்கிட்டபோது, மொத்த உணவுப்பாதைக்கும் சேர்த்தே சுமார் 32 சதுர மீட்டர்தான் வந்ததாம். எனக்கு அதுவே மலைப்பாக இருக்கிறது. உறிஞ்சிகளைப் போர்த்தியிருக்கும் செல்கள் மூன்றிலிருந்து ஐந்து நாளில் உதிர்ந்து புதிதாக முளைக்கின்றன. திங்கட்கிழமைச் சாப்பாட்டை உறிஞ்சிய செல்களில் பல இன்று என்னிடம் இல்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

ஆபரேஷன் தியேட்டரில் ஓரமாக நிற்க அனுமதி கிடைத்தது. குடலிறக்கத்தில் குடலின் ஒரு வளையம் சிக்கி, ரத்த ஓட்டம் நின்றுபோன நோயாளி. இறுக்கத்தை விடுவித்து வெளியே எடுத்தபோது அந்தப் பகுதி நாவல்பழ நிறத்தில் கறுத்திருந்தது. வெட்டிவிடுவார்கள் என்றே நினைத்தேன். சர்ஜன் சார் வெதுவெதுப்பான சலைனில் நனைத்த துணியைச் சுற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். யாரும் பேசவில்லை. சில நிமிடம் கழித்துத் துணியை விலக்கினார். கருநீலம் ஓரத்திலிருந்து வெளுத்து, மெல்ல மெல்ல இளஞ்சிவப்பு ஏறியது. மெசென்ட்ரியில் நாடி துடிப்பது கண்ணுக்கே தெரிந்தது. விரலால் லேசாகச் சுண்டினார். சுண்டிய இடம் வளையமாகச் சுருங்கி, அந்தச் சுருக்கம் அலைபோல நகர்ந்து போனது.

"வெட்ட வேண்டாம்" என்றார்.